சங்கு கேட்காத மேடை

அன்புள்ள ஆரோக்கியம் அண்ணே,

உங்களை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. எனக்கு இன்னும் உங்களைத் திட்டத்தான் வருகிறது. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் என்னவாம்? டைம் ஆபீஸில் நாலு நாளாக வேலைக்கு வந்ததும் எடுக்கிற உங்கள் டோக்கன் ஆணியிலேயே தொங்கியது. லீவு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன், மடையன்.

முதன்முதலில் உங்கள் வாசிப்பைக் கேட்டது எமர்ஜென்சி முடிந்த வருடம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வந்துபோகிறவனாகப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. வேலை முடிகிற சாயங்காலச் சங்கு ஊதி, சைக்கிள்கள் கேட்டை விட்டு வெளியே கொட்டுகிற நேரம். மைதானத்து ஓரம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, கேரியரில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி, மண்ணெண்ணெய் டின்னில் நீங்களே கம்பி கட்டிய பிடிலை மடியில் நிறுத்தியிருந்தீர்கள். சங்கின் ஊளை இறங்கி இறங்கி அடங்கப் போகும் இடத்தில் உங்கள் வில் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. எது சங்கு, எது பிடில் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எந்த ராகமும் இல்லை அது. உடம்பெல்லாம் புல்லரித்து, ஒன்றும் தெரியாமல் கை தட்டிவிட்டேன்.

நீங்கள் உடனே மூட்டை கட்டினீர்கள். நின்றவர்களெல்லாம் என்னை முறைத்தார்கள்.

"கை தட்டினா டூட்டி முடிஞ்சுதுன்னு அர்த்தம், ஐயரு தம்பி."

"நான் ஐயங்கார் அண்ணே."

"எல்லாம் ஒண்ணுதான், போ."

மூன்று வருடம் ஒரு சாயங்காலம் விடாமல் கேட்டேன். கிறுக்கன் என்று உங்களைச் சொன்னார்கள், கிறுக்கனுக்கு வால் என்று என்னை. போகட்டும். ஆனால் எனக்கு ஓர் அரிப்பு, எங்கள் ஊர் உங்களைக் கேட்க வேண்டும் என்று. அப்பா எங்கள் சபாவின் கமிட்டியில் இருந்தார். "ஃபிட்டருக்கு என்னடா கச்சேரி? அதுவும் தகர டப்பால!" என்றார். மூன்று மாதம் நச்சரித்தேன். கடைசியில், "உன்னை நம்பித்தான் நாலு பேர்கிட்ட பேசறேன். என் தலை குனியப்படாது" என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார்.

நீங்கள் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. வேலை நாளாக இருக்க வேண்டும், சரியாக நாலரை மணிக்குத் தொடங்க வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. இருட்டும் முன் வீடு திரும்ப நினைக்கிறீர்கள் என்று நானாக முடிவுகட்டினேன். கேட்டிருக்கலாம் அல்லவா?

இருவரும் அரை நாள் லீவு போட்டுப் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அப்பா. நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்ததுமே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. மணி நாலரை. வில்லைத் தூக்கினீர்கள், இழுக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. "தூங்கிட்டாரா?" என்று யாரோ கேட்க, பின்வரிசை சிரித்தது. நான் மேடையேறிக் குனிந்தேன்.

"என்னண்ணே ஆச்சு?"

"நாலரைச் சங்கு இன்னும் ஊதலையே தம்பி."

"காவேரிக்கு இந்தப் பக்கம் கேக்காதுண்ணே."

"கேக்காதா? ஊருக்கே கேக்கும்னுல்ல நினைச்சேன்."

ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து அங்கேயே வளர்ந்த மனிதர் நீங்கள். சங்கு கேட்காத வேலை நாள் ஒன்று உண்டென்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி தூங்குவது ஸ்ரீரங்கத்தில், பகலெல்லாம் பொன்மலையில் என்று இருந்தவனுக்கு அது உறைக்கவே இல்லையே! ஓடிப்போய்ச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

"இது ஒரே எடத்துல நிக்குது தம்பி. எனக்கு எறங்கணும்." என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் கை ஜில்லென்று இருந்தது. "நீ ஊது. தெனம் கேக்குறல்ல? வாயால ஒரு தடவை ஊது, போதும். நான் புடிச்சுக்கறேன்."

அந்தச் சத்தம் என் தொண்டையில் இருந்தது அண்ணே. எங்கே ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே இறங்கும், எல்லாம் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். "என்னடா நடக்கறது அங்கே? மானம் போறதுடா!" என்று அப்பா பல்லைக் கடித்தார். ஊரே உட்கார்ந்திருக்க, நான் ஊளையிடுவதா? மைக்கைப் பிடித்து, "வித்வானுக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன்.

மரியாதைக்கு நாலு பேர் கை தட்டினார்கள். நீங்கள் பிடிலைத் துணியில் சுற்றினீர்கள்.

பஸ்ஸில் உங்களுடனே வந்தேன். பொன்மலையில் இறங்கும்போது சொன்னீர்கள். "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி." அவ்வளவுதான். மறுநாள் மைதானத்தில் வழக்கம்போல வாசித்தீர்கள். நான் கடைசி ஆளுக்கும் பின்னால் நின்றேன். அதன் பிறகு எந்த மேடைக்கும் நீங்கள் போகவில்லை. ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன்?

உங்களிடம் சொல்லாத சேதி ஒன்று உண்டு. போன வருடம் அப்பா என்னைத் தேடி பொன்மலை வந்தவர், சைக்கிள்களுக்கு நடுவே நின்று உங்களை முழுசாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "அன்னிக்கு நீ பொய் சொல்லிட்டேடா" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம். அப்பாதான் ஏற்பாடு. எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலியாம். மௌனம்! அந்த மேடையில் உங்களை ஒரு தரம் வாயடைத்து உட்கார வைத்தது போதாதா?

மொட்டை மாடியில் அந்தச் சங்கை வாயால் ஊதிப் பழகிப் பார்க்கிறேன். குரல் பாதியில் உடைகிறது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்னடா ராகவா, வயத்து வலியா?" என்கிறாள். ஏறுவதும் நிற்பதும் என் பாடு, சரி. இறங்கும்போது அதைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் அண்ணே?

ஆனாலும் ஊதுவேன். அவர்கள் தலை குனிந்து நிற்கும்போது, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசி வரை இறக்கி ஊதுவேன். முடிந்ததும் ஒருத்தரையும் கை தட்ட விடமாட்டேன்.

எல்லாம் ஒண்ணுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்ட
உங்கள் ஐயரு தம்பி,
ராகவன்