வெயிலில் தெரியாத தீ

இன்று காலை ஆய்வகத்தில் ஸ்பிரிட் கேனைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் நீ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாய். நான் திரும்பவில்லை. ஏழு வருஷமாகத் திரும்புவதில்லை.

செம்மேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் இப்போது ஆய்வக உதவியாளர். தற்காலிக வேலைதான். "தீக்குச்சி கிழிக்கவே கண்ண மூடிக்குவியே, நீயா புள்ள?" என்று சிரித்திருப்பாய்.

நாம் படித்த பள்ளியில் கவிழ்த்து அணைக்க மூடியுள்ள கண்ணாடி ஸ்பிரிட் விளக்குகள் பீரோவில் இருந்தன. அதிகாரி வரும் நாளில் மட்டும் மேசைக்கு வரும். "மலைப் புள்ளைங்க கையில குடுத்தா ஒடைச்சுத்தான் வைப்பீங்க" என்று பூட்டிவிட்டு, சாவியோடு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார் நம் வேதியியல் சார். நமக்கு இங்க் பாட்டில். தகர மூடியில் ஆணித் துளை, அதில் திரி. அணைக்க எதுவும் இல்லை. ஜன்னலோரப் பலா மரத்தில் இலை பறித்து, நனைத்து, திரிமேல் அமுக்குவோம். உன் யோசனை அது. அதற்காகப் பெருமைப்பட்டோமே, அதை நினைத்தால்தான் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துகொண்டிருந்தது. நான் இலையை அமுக்கி எடுத்தேன். நீ கேனைத் தூக்கினாய்.

"அணைஞ்சிருச்சா புள்ள?"

பார்த்தேன். ஜன்னல் வெயில் நேராகத் திரிமேல் விழுந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

"அணைஞ்சிருச்சு. ஊத்து."

உன் துப்பட்டா தானாகச் சுருண்டு கறுத்தது. தீ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உன் அலறல் மட்டும்தான். மணல் வாளிக்கு ஓடினேன். அதில் துடைப்பம் இருந்தது.

வளைவு வளைவாக இறங்கி ஆம்புலன்ஸ் கீழே போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்தவர்களிடம், "நானேதான் பாக்காம ஊத்திட்டேனுங்க" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். மாணவியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். பூட்டிய பீரோவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு என் மௌனம் எவ்வளவு வசதியாக இருந்தது!

உன் அம்மா இன்றும் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "நீ சூதானமான புள்ள சாமி. எம்புள்ளதான் அவசரக்காரி."

இங்கே சண்டை போட்டு மூடி விளக்குகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். இன்று ஒரு மாணவி மூடியைச் சாய்த்து வைத்து, உடனே எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அணைஞ்சிருச்சுங்க மிஸ். ஊத்தட்டுங்களா?"

அதே வெயில். திரிமேல் ஒன்றும் இல்லை.

"இரு கண்ணு." காகிதத் துண்டை எடுத்துத் திரிக்கு மேலே நீட்டினேன். வெறும் காற்றில் காகிதம் கறுத்துப் பற்றியது.

"யாத்தே, பேய் மிஸ்!" என்றது கடைசி பெஞ்சு. யாரும் சிரிக்கவில்லை.

மூடியை நேராக வைத்து அமுக்கினேன். கேனை அறையின் மறுகோடிக்கு அனுப்பினேன். விளக்கு ஆறும்வரை ஊற்றக் கூடாது என்றேன். அந்தக் காத்திருப்பில் உன்னைப் பற்றிச் சொன்னேன். பீரோவை, இலையை, வாளியை. பிறகு, "அணைஞ்சிருச்சுன்னு சொன்னவ நான்தான்" என்றேன். முதல் முறையாக.

ஊற்றட்டுமா என்று கேட்ட மாணவி மெதுவாக, "அவங்க அம்மாவுக்குத் தெரியுங்களா மிஸ்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு, பைல் நாட்டு பஸ்ஸில் ஏறுகிறேன். உன் அம்மா என் கையை உதறலாம். உதறட்டும். அவசரக்காரி என்று உன்மேல் கிடக்கும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வருகிறேன்.

என் பையில் எப்போதும் காகிதத் துண்டுகள் இருக்கும். இன்று விளக்கு ஆறிய பிறகும் ஒன்றை நீட்டினேன். பற்றவில்லை. இருந்தும் பின்னாலிருந்து நீ கேட்டாய், "அணைஞ்சிருச்சா புள்ள?"

இன்னொரு துண்டை எடுத்தேன்.