ஏழு குடம் மீனுக்கு

27 மார்ச் 93, சனி

காலை ஆறரைக்கே வெயில். குழாய் நாள்.

பத்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர். காம்பவுண்டில் ஐந்து வீடு. வீட்டுக்கு எட்டுக் குடம், தலை எண்ணுவதில்லை. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கும் எட்டு. தனி ஆளான எனக்கும் எட்டு. வீட்டுக்காரம்மாவின் சட்டம். இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம்.

ஏழு குடம் மீனுக்கு. ஒன்று எனக்கு.

போன வருடம் முழுக்க என் எட்டில் நான்கு, பக்கத்து வீட்டு செல்விக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. அவள் குடங்கள் என் குடங்களுக்குப் பின்னால் நிற்கும், நான் நகர்ந்துகொள்வேன். மீன் தொட்டி வாங்கியபின் நிறுத்திவிட்டேன். இன்று மூன்றாவது முறை. இருந்தும் நான்கு வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். என் எட்டாவது குடத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பின்னால், வெறுங்குடம் சிமெண்டில் உட்காரும் சத்தம்.

தொட்டி நிரம்பிவிட்டது. நாலடி நீளம். பாதாம் இலை ஊறி, தண்ணீர் டீ நிறம். மீன் புத்தகத்தில் உள்ள அமேசான் ஆறும் இந்த நிறம்தான்.

நாளை கோவை, சிச்லிட் மீன் வாங்க. பட்டியல், இறுதி:

ஆஸ்கார் — வாயில் அடங்குவதெல்லாம் இரை. எங்கள் கம்பெனி மேனேஜர் மாதிரி. வேண்டாம்.
ஜாக் டெம்ப்ஸி — அடியாள் முகம். போதாததற்கு மத்திய அமெரிக்கா. என் ஆறு இல்லை.
டிஸ்கஸ் — வியாதிக்காரப் பணக்காரன். வேண்டாம்.
ராம் — அழகு. ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும்.
ஏஞ்சல் — சரி. சின்ன மீன் இல்லாதவரை யோக்கியன்.
செவரம் — சரி. எருமை. யாரையும் தொடாது.
நீல அக்காரா — சரி. புத்தகம்: "சாந்தமானது, எவரோடும் வாழும்."

எவரோடும் வாழும் என்று என்னைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள்.

28 மார்ச், ஞாயிறு

கோவை. மீன் கடைக்காரர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "அமைதியான மீனுதானுங்களே? கோல்டு ஃபிஷ் எடுத்துட்டுப் போங்க."

"சிச்லிட் வேணும். தென்னமெரிக்கா மட்டும்."

"ஊரு கேட்டு மீன் வாங்கறவரு நீங்க ஒருத்தருதானுங்க."

அமேசானைப் பற்றிச் சொன்னேன். மென்மையான தண்ணீர், உப்பே இல்லாத தண்ணீர், வருடத்தில் பாதி நாள் காட்டுக்குள் வெள்ளம். கால் மணி நேரம். தலையாட்டினார். இன்னொருவருக்கு வலை கொடுத்துக்கொண்டே தலையாட்டினார்.

ஏஞ்சல் 5. செவரம் 2. நீல அக்காரா 1 ஜோடி.

பஸ்ஸில் மடியில் இரண்டு பிளாஸ்டிக் பை. கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, கொழம்புக்குங்களா?"

"இல்லைங்க."

"அதான பாத்தேன். ஒரு ஆளுக்கே பத்தாது."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவிநாசி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

30 மார்ச், செவ்வாய்

பனியன் கம்பெனியில் என் வேலை மன்னிப்புக் கேட்பது. ஆங்கிலத்தில். தாமதத்துக்கு, தையல் பிரிந்ததற்கு, அனுப்பிய சிவப்பு கேட்ட சிவப்பாக இல்லாததற்கு. ஹாலந்துக்காரனுக்கு இன்று மட்டும் மூன்று ஃபேக்ஸ். மேனேஜர் படித்துவிட்டு: "இன்னுங் கொஞ்சம் பணிவாப் போடுங்க. எம்.ஏ. படிச்சவர எதுக்கு வெச்சிருக்கறோம்?"

ஒரு வருடமாக எழுதுகிறேன். ஒருமுறைகூட வருந்தியதில்லை.

மீன்கள் நலம். சண்டை இல்லை. ஏஞ்சல்கள் மேலே, செவரம் நடுவில், அக்காரா ஜோடி அடியில் தட்டைக்கல் அருகே. சாயங்காலம் ஒரு மணி நேரம் பார்த்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

6 ஏப்ரல், செவ்வாய்

குழாய் நாள். நான்காவது முறை.

செல்வி இன்று வாயைத் திறந்தாள். வரிசையில் எல்லோர் முன்னாலும்.

"தம்பி, ஒங்க மீனு குடிச்ச மிச்சம் கெடந்தா சொல்லுங்க. எங்க வீட்டுலயும் மூணு பிள்ளையளுக்கு வாய் இருக்கு. பேசத் தெரிஞ்ச வாயி."

வீட்டுக்காரம்மா: "ஏனுங் கண்ணு, மீனுக்கு உப்புத் தண்ணி ஆகாதுங்களா? போர் தண்ணிலதான நாமெல்லாம் குளிக்கறோம்?"

"செத்துருங்க. அமேசான் மீனுங்க அது. அதோட ஊர்த் தண்ணி மழைத் தண்ணி மாதிரி."

செல்வி இடுப்புக் குடத்தை மாற்றி வைத்தாள். "அப்பிடியா? எங்க ஊர்த் தண்ணியும் தாமிரவருணித் தண்ணிதான். நாங்க சாவலையே."

ஐந்து வீடும் சிரித்தது. வீட்டுக்காரம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

குடங்களை உள்ளே தூக்கி வந்தேன். எட்டுக் குடமும் என்னுடையது. அது போதும்.

7 ஏப்ரல், புதன்

நாளை தூத்துக்குடி. சரக்கோடு நானே போக வேண்டுமாம், துறைமுகத்தில் ஒரு அதிகாரியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க. நான்கு நாள்.

மாற்றுச் சாவி வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது. சொல்லிவைத்தேன்: "யாரும் தொறக்க வேண்டாங்க. நாலு நாள் தீனி இல்லாம மீனு இருக்கும்." செல்வி துணி துவைக்கும் கல்லில் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

12 ஏப்ரல், திங்கள்

காலை எட்டுக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் நின்றே வந்த கால்.

பூட்டு பூட்டியபடி. உள்ளே தொட்டியில் டீ நிறம் இல்லை. வெறும் தண்ணீராகத் தெளிவு. கண்ணாடி விளிம்பில் வெள்ளைப் படிவம். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

ஒரு ஏஞ்சல் மல்லாந்து மிதந்தது. மற்றவை ஒரு மூலையில், வாய் திறந்து மூடி.

தொட்டியின் பின் மூலையில், அடியில், பனியன் வேஸ்ட் திணித்துக் கிடந்தது, ஈரமாக. வெட்டிப் போட்ட துணித் துண்டுகள். அவள் வீட்டுக் குப்பை. பிடுங்கி வெளியே எறிந்தேன்.

வீட்டுக்காரம்மா இல்லை, பல்லடத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். செல்வி துணிக்கல்லில்.

"என் ரூம யாரு தொறந்தது?"

"நாந்தான் தம்பி."

"உப்புத் தண்ணி ஊத்துனது?"

"நாந்தான். என்னன்னா..."

முடிக்க விடவில்லை. சொன்னதை அப்படியே எழுதியாக வேண்டும். இந்த நோட்டு அதற்குத்தான். "நாலு கொடம் கெடைக்கலீங்கற வயித்தெரிச்சல்ல கொன்னு போட்டுட்டீங்க. பொழைக்க வந்த எடத்துல பொழைக்கற வழியப் பாருங்க."

அவள் கணவர் அந்தோணி பனியனோடு வெளியே வந்தார். கட்டிங் மாஸ்டர், கை பெரிய கை. அவள் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். உள்ளே போய்விட்டார்.

சேலையை முறுக்கி வாளியில் போட்டாள். "சரி தம்பி" என்றாள்.

அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது.

13 ஏப்ரல், செவ்வாய்

இன்னும் எட்டு மீன். சாகும் என்று காத்திருக்கிறேன். புத்தகம் சொல்லும் வரிசை: செவுள் படபடக்கும், நிறம் மங்கும், பக்கவாட்டில் சாயும். செவுள் படபடக்கவில்லை.

தொட்டியில் நீர்மட்டம் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. வெயில்.

காம்பவுண்டில் யாரும் பேசவில்லை. நன்று.

14 ஏப்ரல், புதன்

சித்திரை ஒன்று. லீவு. நீர்மட்டம் இன்னும் நான்கு விரல் கீழே. நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் கையில் இல்லை. உப்புத் தண்ணீர் என் கையால் ஊற்ற மாட்டேன்.

அக்காராக்கள் தட்டைக்கல்லை வாயால் துடைத்துக்கொண்டிருந்தன. மூச்சை அடக்கிப் பார்த்தேன். பெண் மீன் வயிற்றைக் கல்லில் இழுத்துக்கொண்டே போனது. கடுகு அளவில், வரிசை வரிசையாக. முட்டை.

சாக வேண்டிய தண்ணீரில்.

கோவைக்கு ஓடினேன். கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் மோசம். "எந்த அமேசானுங்க? எல்லாம் மெட்ராஸ் சரக்கு. சிமெண்டுத் தொட்டில பொறந்து போர் தண்ணில வளந்ததுங்க. இதுக அம்மா, அவங்கம்மா, எல்லாரும் அப்புடித்தான். நல்ல தண்ணிதான் இதுகளுக்குப் புதுசு."

"அன்னைக்கே ஏன் சொல்லலீங்க?"

"நீங்க எங்க கேட்டீங்க? நீங்கதான் எனக்குச் சொல்லிட்டிருந்தீங்க."

வீணாய்ப் போனது ஐந்து முறை ஏழு குடம் என்று மீன் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன். ஐந்து அல்ல, நான்கு. அடித்தேன்.

15 ஏப்ரல், வியாழன்

வீட்டுக்காரம்மா பல்லடத்திலிருந்து வந்துவிட்டார். பையை இறக்குமுன்னே கேட்டார்: "மீனெல்லாம் நல்லாருக்குதுங்களா கண்ணு? பாவம், செல்வி பட்ட பாடு."

"என்ன பாடுங்க?"

"அவ சொல்லலீங்களா? வெள்ளிக்கெழம காத்தால ஓடியாந்தா. 'அக்கா சாவி குடுங்க, தம்பி ரூமுலருந்து செவுத்தோரமா தண்ணி எங்கூட்டுக்குள்ள வருது'ன்னா. தொறந்து பாத்தா மூலைல ஒழுகி, பாதித் தொட்டி இல்லீங்க. மீனெல்லாம் சாஞ்சு கெடக்குது. அவளுக்கு நல்ல தண்ணி ஏது? உப்புத் தண்ணியத்தான் சொமந்தா. வேஸ்ட் துணிய மூலைல வெச்சு அமுக்குனா. அப்பறமும் கசிஞ்சுட்டேதான் இருந்துச்சு. மூணு நாளும் காத்தால சாயந்தரம் வந்து ஊத்துனா. அன்னைக்கு அவிகளுக்குப் பெரிய வெள்ளி, பட்டினி வேற. நூல் பிசிர் வெட்ட வாங்கியாந்த பனியன் கட்டெல்லாம் நனஞ்சு, கம்பெனில திட்டும் வாங்குனா."

அவர் பையை வாங்கி உள்ளே வைத்தேன். "ஏனுங் கண்ணு, மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது?" என்றார்.

வெளியே எறிந்த பனியன் வேஸ்ட் வேப்பமரத்தடியில் காய்ந்து கிடந்தது. பொறுக்கி எடுத்து, நனைத்து, அதே மூலையில் திணித்தேன். பிறகு போர் தண்ணீர், ஆறு குடம். நானே சுமந்து, நானே ஊற்றினேன். அக்காராக்கள் முட்டையை விட்டு நகரவில்லை.

16 ஏப்ரல், வெள்ளி

குழாய் நாள். நான்கு குடம் நிரப்பி செல்வி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது நான்கும் என் வாசலில். ஒவ்வொன்றின் மேலும் தட்டு மூடி. ஒரு சொட்டுக் குறையவில்லை.

17 ஏப்ரல், சனி

ஆபீஸில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், செல்வியக்காவுக்கு ஒரு கடிதம். வரைவு ஒன்று: "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." இந்த "-ோம்" எங்கிருந்து வந்தது? கிழித்தேன். வரைவு இரண்டு: "தவறான தகவலின் அடிப்படையில்..." கிழித்தேன். மூன்று, நான்கு. ஹாலந்துக்காரனுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

முட்டை பொரிந்துவிட்டது. கல்லின் மேல் அசையும் தூசி. சாந்தமான அக்காராக்கள் மற்ற ஆறு மீனையும் ஒரு மூலைக்கு ஓட்டி, தொட்டியில் முக்கால் பாகத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு ஏஞ்சலுக்குத் துடுப்பு கிழிந்திருக்கிறது. உவமை ஒன்று எழுத வந்தது. எழுதவில்லை.

18 ஏப்ரல், ஞாயிறு

செல்வியக்கா பூசைக்குப் போய்விட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். மடியில் பனியன் குவியல், குட்டிக் கத்திரி. போய் நின்றேன். கடிதம் இல்லாமல்.

"அக்கா. தப்பு எம்மேலதாங்க்கா."

கத்திரி நிற்கவில்லை. "எந்தத் தப்பு தம்பி? தண்ணி தராததா, கொன்னுட்டேன்னு சொன்னதா, பொழைக்க வந்தவன்னு சொன்னதா?"

"மூணுந்தாங்க்கா."

"மொத ரெண்டும் போவட்டு. மூணாவது மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். திரும்ப அந்தச் சொல்லைச் சொல்லி, அது தப்பு என்று சொன்னேன். உள்ளே ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

ஒரு பனியனை மடித்து வைத்தார். "நாங்க பொழைக்கத்தான் வந்தோம். ஒளிச்சா வச்சிருக்கோம்? நீங்க குன்னத்தூர்லருந்து எதுக்கு வந்திய? மீனு வளக்கவா?"

"பொழைக்கத்தாங்க்கா."

"ம்."

அடுத்த பனியனை எடுத்தார். போகலாமா நிற்கலாமா தெரியவில்லை. நின்றேன்.

"அடுத்த தண்ணிக்கு எட்டுக் கொடமும் எங்க வாசல்ல இருக்கணும்."

"எட்டுமா? அப்ப நான் குடிக்கறதுக்குங்க்கா?"

நிமிர்ந்து பார்த்தார், முதன்முறையாக. "உப்புத் தண்ணிதான். மீனு குடிக்குல்லா."

26 ஏப்ரல், திங்கள்

மேகம். மழை இல்லை. குழாய் நாள்.

எட்டுக் குடம். ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். செல்வியக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "ஏழாவது தளும்பிட்டு. கொறையுது." திரும்ப வரிசையில் நின்று விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

உப்புத் தண்ணீரில் டீ போட்டேன். பால் திரிந்தது. குடித்தேன்.

அடுத்த குழாய் நாளுக்கு இன்னும் பத்து நாள்.