இருட்டைச் சோதிக்க இரண்டு பேர்

இன்று காலை மீன்காரி கூடையைத் திறந்ததும் ஊசுடு ஏரியின் சேற்று வாசம் கூடம் வரை வந்தது. கெளுத்தி. வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். வாசம் மட்டும் போகவில்லை.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடத்துத் தை மாதம். சைகோனிலிருந்து நீங்கள் கொண்டுவந்த தொலைநோக்கியை நிலையாக நிறுத்த, ஊருக்கு வெளியே நல்ல இருட்டான இடம் தேடிக்கொண்டிருந்தோம். பெண்டாட்டியை இருட்டுக்கு அழைத்துப் போகிறவர் என்று உங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். நான் தலை நிமிர்ந்தே வண்டியில் ஏறினேன்.

விளக்கை அணைத்து, கண் பழகும் வரை பேசாமல் உட்கார வேண்டும். பிறகு கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று இருவரும் தனித்தனியே எண்ண வேண்டும். “ரெண்டுல கொறைஞ்ச எண்தான் எடத்தோட எண்” என்பீர்கள். எப்போதும் உங்களுடையதே குறைவு. வைத்திக்குப்பம் கடற்கரையைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமென்று தள்ளினீர்கள். மூலக்குளத்து வயலைப் பனியென்று தள்ளினீர்கள். கன்னியர் மடப் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒன்றைக் கூட்டிச் சொல்பவளா? அந்தக் கோபத்தோடுதான் ஏரிக்கு வந்தேன்.

வண்டிக்காரர் கரைக்குக் கீழேயே நின்றுகொண்டார். “முசே, பேய்கூட இங்க தொணையில்லாம வராது. நான் மாட்டப் பாத்துக்கினு இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க.”

“வந்தா மொதல்ல உன்னைத்தான் விசாரிக்கும், சத்தம் போடாத” என்றீர்கள்.

கரைமேல் நட்சத்திரங்கள் தலைக்கு மேலேயும் இருந்தன, அசையாத தண்ணீரிலும் இருந்தன. பக்கத்தில் நீங்கள், ஓர் ஆள் அளவுக்கு நட்சத்திரமில்லாத இடமாக மட்டுமே தெரிந்தீர்கள். அந்த இடம் மூச்சு விட்டது.

“எனக்கு ஒம்போது. உங்களுக்கு?”

“ரெண்டு.”

நான் விளக்கைப் போட்டேன்.

“இந்த எடமும் சரியில்ல, கெளம்பலாம்” என்றீர்கள். “விளக்கைப் போடு.”

சிவப்புத் துணி சுற்றிய டார்ச் உங்கள் தோளருகே எரிந்துகொண்டிருந்தது. கன்னமெல்லாம் சிவப்பு. கண்கள் திறந்தே இருந்தன.

“போடேன், மதாம். இருட்டுல என்ன பண்றே?” என்று சிரித்தீர்கள்.

உங்கள் கையைப் பிடித்து டார்ச்சின் முகத்தில் வைத்தேன். துணி வழியாகச் சூடு தெரிந்திருக்கும். சிரிப்பு நின்றது. கீழே மாட்டின் மணி மட்டும் கேட்டது.

மாலைக்கண் என்றார் டாக்டர்; போகப் போகப் பகலும் தெரியாது என்றார். அப்படியே ஆனது. தொலைநோக்கி பெட்டியிலேயே தங்கிவிட்டது. ஆனால் மாடியில் உட்கார்ந்து, என்னை எண்ணிச் சொல்லவைப்பதை நீங்கள் விடவில்லை. “எனக்காகக் கூட்டாத” என்பீர்கள். ஒருநாளும் கூட்டியதில்லை. ஒரு மாலை நான் வாய் திறக்குமுன்பே “ஆறு” என்றீர்கள். எனக்கும் ஆறு. எப்படியென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் இல்லாத மாடியிலிருந்து இப்போது மூன்றுதான் தெரிகிறது. ஊரின் வெளிச்சமா, என் கண்ணா? ஒருத்தியாக எண்ணி அதைச் சொல்ல முடியாது. அதனால் என் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் உங்களுடையதைச் சொல்லக் காத்திருக்கிறேன்.