சித்தி மகள் பூஜிதா

ஏப்ரல் 21, திங்கள்
பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி டீச்சர்கள் வீடு வீடாக வருகிறார்களாம். பக்கத்துத் தெரு வரை வந்தாயிற்று. கோழிக்கூண்டுக்குள் ஒளிய முடியுமா என்று பார்த்தேன். தலை மட்டும்தான் நுழைகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்
மோசம் போனேன்! தறிக்குடோனில் வேலை முடிந்து வந்தால், வாசலில் டீச்சர். ஊருக்குப் புதிது, அன்புச்செல்வி என்று பெயர்.

"ஏங்கண்ணு, இனியா ஊடு இதுதானே? நீ யாரு?"

வெளியாள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. இன்று பார்த்து வந்தது. "நான் பூஜிதாங்க. இனியாவோட சித்தி புள்ளைங்க. அவ சென்னிமலைக்குப் போயிருக்கறாளுங்க."

யார் இந்தப் பூஜிதா? எனக்கே தெரியாது!

அம்மா வெளியே வந்தாள். கண்ணாலேயே கெஞ்சினேன். புரிந்துகொண்டாள், ஆனால் அளவு தெரியவில்லை. "பூஜிதா தங்கமான புள்ளைங்க டீச்சர். எம்புள்ள இனியாதானுங்க வாயில்லாப் பூச்சி."

டீச்சர் ஒரு கணக்குத் தாளைக் கொடுத்தார். "இனியா வந்தா போடச் சொல்லு. அடுத்த வாரம் வாரேன்."

ஏப்ரல் 23, புதன்
கணக்கு எல்லாம் வந்துவிட்டது. எழுத்து இனியா எழுதியது போல இருக்க வேண்டுமே என்று வெகுநேரம் கவலைப்பட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, இனியா நான்தானே!

ஏப்ரல் 29, செவ்வாய்
"இனியா எங்க?" என்றார் டீச்சர். "பழனிக்குங்க," என்றாள் அம்மா. "கணபதின்னு ஒரு ஊருக்குங்க, மாமா ஊட்டுக்கு," என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில்.

"நல்லாச் சுத்தறா," என்றார் டீச்சர். சிரிக்கவே இல்லை. தாளைப் பார்த்தார். "கணக்கு இத்தன நல்லாப் போடறவ, எதுக்குக் கண்ணு படிப்பை உட்டா?"

பூஜிதாவுக்குக் கூச்சமே கிடையாது. சொல்லிவிட்டாள். "அவங்கம்மாளுக்கு ஆபரேசன் ஆனப்ப ஒரு மாசம் ஊட்டுல இருந்தாளுங்க. அப்புறம் போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு பயம். நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு... வருசம் ஓடிப்போச்சுங்க. இப்ப சின்னப் புள்ளைகளோட உக்காரோணுமேன்னு நெனச்சாலே அவளுக்கு வெக்கமா இருக்குதுங்க."

"போக ஆசை இருக்குதா?"

"ரொம்பங்க."

அம்மா கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவளை மொதல் பெஞ்சுல உக்காரச் சொல்லு," என்றார் டீச்சர். "முன்னாடி இருக்கறவளை யாரு திரும்பிப் பாக்கறது?"

அட! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மே 6, செவ்வாய்
ஜூனிலிருந்து நான் வேலைக்கு வரமாட்டேன் என்று அம்மா குடோனில் சொல்லிவிட்டாள். "ஏனுங்க?" என்றாராம் முதலாளி சென்னகிருஷ்ணன். "பூஜிதா சொல்லிப்போட்டாளுங்க," என்றாளாம் அம்மா. அவருக்கு இன்னும் புரியவில்லை.

ஜூன் 2, திங்கள்
ஒன்பதாம் வகுப்பு. முதல் பெஞ்சு. முதுகெல்லாம் வேர்வை.

"இனியா?"

"உள்ளேன் டீச்சர்." குரல் வந்தது, கொசு அளவுக்கு. எல்லோரும் என்னை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அன்புச்செல்வி டீச்சர் நிமிராமலே கேட்டார்: "பூஜிதா வரலியா?"

வகுப்பு மொத்தமும் பின்னால் திரும்பிப் பூஜிதாவைத் தேடியது.

"அவ சென்னிமலைக்குப் போயிருக்கறாளுங்க டீச்சர்," என்றேன். சத்தமாகவே.