தண்ணீர் நின்ற கிடங்கு

மார்ச் 4

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உறுதியான செய்தி முதலில். இந்தத் துறைமுகத்தின் இரண்டு கிரேன்களில் ஒன்றுதான் ஓடுகிறது. சொன்னவர் கிரேன்காரர். ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி நானும் பார்த்துவிட்டேன். புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. இனி வாரம் ஒருமுறை வரும் தபால் படகுதான் நமக்கு.

நிவாரணக் கப்பல் இங்கே சரக்கை இறக்கலாமா என்று நான் சொல்ல வேண்டும். கப்பல் வந்து அணையும் மேடை உறுதியாக இருக்கிறது, சின்னக் கப்பலுக்கு ஆழமும் போதும். கிடங்கின் கூரை ஒழுகவில்லை. தரைதான் உறுத்துகிறது. கடல் பக்கச் சுவரோரம் கம்பியால் தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரிச் சத்தம். அடிமண்ணைக் கடல் அரித்திருந்தால், அரிசி மூட்டையை அடுக்கியதும் தரையே உள்ளே போய்விடும். எப்படிச் சோதிப்பது என்று கேட்க உங்களை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்? நம் அடுப்படி வாசலில் மிதிக்கும்போதெல்லாம் டொக் என்கிறதே ஒரு கல், ஏறக்குறைய அதே சத்தம். ஊரார் வீட்டுத் தரையெல்லாம் போடுகிறவர் அதை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று. தகுதி என்று எழுதினால், கப்பல் பல நடை வந்து சரக்கு முழுக்க இறங்கும்வரை எழுதியவரே இருக்க வேண்டும் என்கிறது அலுவலகம். மே கடைசி ஆகிவிடும். தகுதியில்லை என்றால் அடுத்த படகில் நான் கிளம்பலாம். கப்பல் பெரிய துறைமுகத்துக்குப் போகும். ஆனால் அங்கிருந்து, அரிசிக்குக் காத்திருக்கும் மேட்டு ஊர்களுக்கு வரும் சாலை அறுந்து கிடக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
அளவுக்காரி

மார்ச் 12

என் அளவுக்காரிக்கு,

உன் கடிதத்தில் ஒவ்வொன்றுக்கும் சாட்சி இருக்கிறது. என் ஞாபகம் வந்ததற்கு மட்டும் டொக் என்கிற ஒரு கல்தான் சாட்சி. போகட்டும்.

தட்டினால் மட்டும் தெரியாது. மேல்பூச்சு விட்டுப்போயிருந்தாலும் அப்படித்தான் சத்தம் வரும். சத்தம் வருகிற இடத்தில் பூச்சையும் அடிக் கான்கிரீட்டையும் சேர்த்து அடிமண் வரை ஒரு துளை போடு. சுத்தியோடு நீயே இறங்காதே, ஆள் வைத்துக்கொள். ஒரு கம்பியை உள்ளே விடு. கம்பி மண்ணில் முட்டாமல் தொங்கினால் அடியில் பள்ளம். முட்டினால், துளை நிறையத் தண்ணீர் ஊற்று. சட்டென்று இறங்கிவிட்டால் மண் அரித்திருக்கிறது. நின்று மெதுவாக ஊறினால் தரை நல்லது. நாலைந்து இடத்தில் பார், ஒன்றை மட்டும் நம்பாதே.

தண்ணீர் நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் வந்தார். மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். "வீட்டம்மா எப்ப வராங்க?" என்றார். "அவங்களுக்கே தெரியாதுங்க, என்னைக் கேட்டா?" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் இனி ஒற்றை ஆளாக இருக்க மாட்டேன் என்று போன தடவை நீ பெட்டி கட்டும்போதே சொன்னேன். நீ வந்தால் இருப்போம். இல்லையென்றால் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபமாகச் சொல்லவில்லை.

மேஸ்திரி

மார்ச் 20

அன்புள்ள மேஸ்திரிக்கு,

நின்றது.

ஐந்து துளை. கிரேன்காரரும் அவர் மச்சானும் போட்டார்கள். ஐந்திலும் கம்பி மண்ணில் முட்டியது. கடைசித் துளையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "அம்மா, நீங்க இப்படி முறைச்சா தண்ணி பயந்தே இறங்கிடும்" என்றார் கிரேன்காரர். இறங்கட்டும் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மேட்டு ஊரில் அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தகுதி என்று எழுதி, அலுவலக வேலைக்கு மட்டும் இருக்கும் துறைமுக வயர்லெஸ்ஸில் அனுப்பிவிட்டேன். கூடவே, முதல் நடைக்குப் பிறகு மாற்று ஆள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு யாரும் இல்லை என்று பதில் வந்துவிட்டது.

தங்கியிருக்கும் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் உப்பு, மூடினால் புழுக்கம். பக்கத்து அறையில் ஆள் இல்லை. சில நாள் மாலையில் கிடங்குக்குப் போய்ச் சும்மா சுவரோரம் தட்டிப் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மே கடைசியில் கட்டாயம் வந்துவிடுவேன்.

உங்கள்,
அளவுக்காரி

ஏப்ரல் 2

என் அளவுக்காரிக்கு,

உன்னைப் போலவே ஆரம்பிக்கிறேன். கப்பல் நேற்று உன் பக்கம் கிளம்பிவிட்டது. சொன்னது வானொலி. அரிசி, மருந்து, கூடாரத் துணி என்றார்கள். தரை தாங்கும், பயப்படாதே. சுவரை ஒட்டி மட்டும் அடுக்க விடாதே.

உன் கடிதம் வந்தபோது மாதக் கடைசி தாண்டவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கலாம். பேனாவைக்கூடக் கையில் எடுத்தேன். முடியவில்லை. முந்தாநாள் சாவியைக் கொடுத்துவிட்டேன். சாட்சி, வீட்டுக்காரர்.

கொடுப்பதற்கு முன் அடுப்படி வாசல் கல்லைப் பெயர்த்து, கலவை போட்டுத் திரும்பப் பதித்தேன். ஒரு காலைப் பொழுது வேலைதான், இத்தனை நாள் செய்யாமல் இருந்தேன். காய்ந்ததும் மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

உன் பொருள் எல்லாம் இரண்டு பெட்டியில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறது. எதையும் விடவில்லை. அக்கா உன்னைக் கேட்டாள்.

தெரியாதது ஒன்றுதான், வேலை முடிந்ததும் நீ எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பாய் என்பது. மே கடைசி என்று எழுதியிருக்கிறாய். அக்கா வீட்டு முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

மேஸ்திரி