கூட்டினால் எட்டு

5 ஆகஸ்ட் 2007, ஞாயிறு

சதுரங்கப்பட்டினம் கோட்டையடியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். முப்பத்து நான்கு நிமிடம். நாற்பத்தெட்டு வயதுக்கு மோசமில்லை. டிசம்பரில் சென்னையில் மூத்தோர் தடகளப் போட்டி இருக்கிறது.

ஓடி முடித்ததும் எங்கள் இருபது பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஸ்டான்லியின் ஏற்பாடு. ஒரு காலத்தில் மாவட்ட அளவில் ஓடியவர், இப்போது கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். எங்களுக்குத் தானாகவே பயிற்சியாளர் ஆனவர். ஹீமோகுளோபின், வெள்ளணு, தசை நொதி எல்லாம் பார்த்து, யார் தூரத்தைக் கூட்டலாம், யார் ஓய்வெடுக்க வேண்டும் என்று பச்சைக்கோடு, சிவப்புக்கோடு போட்டுத் தருவாராம்.

"வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்களுக்குப் பண்றாங்க மேடம். நம்ம மட்டும் இன்னா கொறைச்சலு?"

கால் வலித்தால் உட்கார்வதற்கு எனக்கு ஊசி தேவையில்லை. இருந்தாலும் கையை நீட்டினேன்.

ஓடுவதற்கு முன் ஒரு கூத்து. நெஞ்சில் குத்திக்கொள்ளத் துணி எண்கள் கொடுத்தார் ஸ்டான்லி. பள்ளியில் சத்துணவு சமைக்கும் சந்திரம்மாவுக்குப் பதினேழு வந்தது. எங்கள் கூட்டத்தில் அவளைவிட வேகமாக ஓடுகிறவர் இல்லை. செருப்புகூடப் போடமாட்டாள். எண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணையும் ஏழையும் கூட்டு டீச்சர். எட்டு வருது. எட்டு எனக்கு ஆவாது. வூட்டுக்காரரு ஆட்டோ கவுந்துச்சே, அதும் எட்டுதான்."

"தினமும் காலையில் எட்டு மணி வருதே, அப்ப என்ன பண்ணுவே?"

"அரிசி கழுவுவேன். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பன்னிரண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பதினேழைக் குத்திக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

8 ஆகஸ்ட், புதன்

ஸ்டான்லி பரிசோதனை முடிவை மற்றவர்களுக்குக் காலையில் சாலையிலேயே கொடுத்துவிட்டாராம். எனக்கு மட்டும் மாலையில் அணுபுரம் வீட்டு வாசலில், ஒட்டிய உறையில்.

வெள்ளணு 74,000. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது.

"ஓடினால் வெள்ளணு கூடும் ஸ்டான்லி. ஓடி முடித்ததும்தானே எடுத்தீர்கள்."

"இவ்ளோ கூடாது மேடம். ரெண்டு தடவ போட்டுப் பார்த்துட்டேன். செங்கல்பட்டுல நல்ல டாக்டர் கீறாரு, எழுதித் தரேன். இன்னொரு தடவ ரத்தம் குடுங்க, இப்பவே வேணாலும்."

வேண்டாம் என்றேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. என் தாளில் அவர் கோடே போடவில்லை.

9 ஆகஸ்ட்

வகுப்பில் தாவர செல் வரைந்தேன். உட்கருவைப் போட மறந்துவிட்டேன். பின் வரிசைப் பெண் எழுந்து சொன்னாள்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

போகாமலிருந்தால் கேட்பார்கள். போனேன். மூச்சு வாங்கியது. இது ஓட்டத்தின் மூச்சா, நோயின் மூச்சா? குளிக்கும்போது இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்க்கிறேன். ரத்தப் புற்றில் மண்ணீரல் வீங்கினால் அங்கேதான் கைக்குத் தட்டுப்படுமாம். எதுவும் தட்டுப்படவில்லை. எனக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லையோ?

சந்திரம்மா இன்று எனக்கும் பின்னால் வந்தாள்.

"பச்சக்கோடு வாங்கிகினு நடந்து வரியே, வெக்கமா இல்ல?" என்றார் ஸ்டான்லி.

"கோடு ஓடுது அண்ணாத்த, காலு ஓட மாட்டேங்குது. சாய்ந்தரமானா ஒடம்பு அனலா கொதிக்குது. பச்சக்கோடு போட்டுட்ட, அதான் நானும் சும்மா கீறேன்."

காதில் விழுந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை. என் விலாவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

15 ஆகஸ்ட்

பட்டாபிராமன் கேட்டார்: "என்ன வசந்தா, காபி ஆறிப்போறது, அப்படியே உக்காந்திருக்கே?"

கல்லூரியில் வேலை அதிகம் என்றேன். இருபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைக்கிறேனா? தாவரவியலில் முதுகலை படித்தவள்.

அந்தத் தாள் அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில்.

18 ஆகஸ்ட்

ஸ்டான்லி தொலைபேசியில். டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

21 ஆகஸ்ட், செவ்வாய்

இனி முடியாது. கல்லூரி முடிந்து, செங்கல்பட்டில் யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்தேன். நாளை தருவார்கள்.

22 ஆகஸ்ட்

6,800.

திரும்பத் திரும்பப் படித்தேன். என் பெயர், என் வயது, 6,800. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

ஸ்டான்லியைக் கூப்பிட்டு உங்கள் இயந்திரத்தைக் கடலில் போடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"மிசினு தப்பு பண்ணலாம் மேடம். ஆனா நான் கண்ணாடித் துண்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். அந்தக் கெட்ட செல்லுங்க இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

வைத்துவிட்டேன். பாயசம் செய்தேன். எதற்கென்று பட்டாபிராமன் கேட்டார். சும்மா என்றேன்.

23 ஆகஸ்ட், வியாழன்

காலையில் துணி ஊறவைத்தேன். ஐந்தாம் தேதி கழற்றிப் போட்ட ஓட்டச்சட்டை. அதில் எண் குத்தியபடியே இருந்தது.

17.

ஐயோ.

அன்று ரத்தம் எடுத்தவள் ஸ்டான்லியிடம் வேலை செய்யும் ஜாக்குலின். நெஞ்சிலிருந்த எண்ணைப் பார்த்துத்தான் குழாயில் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஸ்டான்லியிடம். நாங்கள் மாற்றிக்கொண்டதை அவரிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லல. நானும் சொல்லல. சிரிச்சிட்டு ஓடப் போயிட்டேன்.

பன்னிரண்டாம் குழாயில் இருந்தது அவ ரத்தம். அவ கையிலே இருக்கிற பச்சைக்கோடு என்னோடது. அனலா கொதிக்குதுன்னு சொன்னாளே. என் காதிலே விழுந்ததே.

கடைத்தெருவுக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டேன். 12 வசந்தா, 17 சந்திரம்மா. ஸ்டான்லி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல ரத்தம் எடுத்துப் பார்ப்போம் மேடம். அப்புறம் சொல்லலாம்."

அதற்கு இன்னும் எத்தனை நாள்? நாளை காலையில் முதல் வேலையாக நானே போகிறேன்.

24 ஆகஸ்ட், வெள்ளி

பள்ளிச் சமையல்கூடத்துக்குப் போனேன். அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். எட்டு மணி.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தாளைக் கொடுத்தேன். அவளுக்கு எண்கள் வாசிக்கத் தெரியும். எழுபத்து நாலாயிரம் என்று விரலால் தொட்டுச் சொன்னாள். ஈரம் பட்டு மை கலங்கியது.

"எப்போ வந்துச்சு இது?"

"எட்டாம் தேதி."

"பதினாறு நாளா வச்சிகினு இருந்தியா?"

என்னுடையது என்று நினைத்தேன் என்றேன்.

"உன் நோவுன்னு நென்ச்சு ஒளிச்சு வச்சே. அது என் நோவு டீச்சர். என்னுத நீ எப்படி ஒளிச்சு வைக்கலாம்?"

பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து கணவர் முத்துசாமியின் ஆட்டோவில் ஏறினாள். நானும் ஏறினேன். ஏறாதே என்று அவள் சொல்லவில்லை.

26 ஆகஸ்ட்

சந்திரம்மாவின் மறுபரிசோதனை: 81,000.

11 செப்டம்பர்

சென்னை, அரசு மருத்துவமனை. ரத்தப் புற்றுநோய்தான். மெதுவாக வளரும் வகையாம், மாத்திரையில் அடக்கலாமாம், ஆனால் நிறுத்தவே கூடாது. பதினாறு நாளில் எதுவும் கெட்டுவிடவில்லை என்றார் டாக்டர். நான் கேட்காமலே சொன்னார். என் முகத்தில் அப்படி எழுதியிருந்ததா?

வீட்டுக்கு வந்து பட்டாபிராமனிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னிக்குப் பாயசம் அதுக்குத்தானா?" என்றார்.

4 நவம்பர்

சந்திரம்மாவுக்கு வெள்ளணு 19,000. மாத்திரை குமட்டுகிறதாம். என்னிடம் இரண்டு வார்த்தைக்குமேல் பேசுவதில்லை.

9 டிசம்பர்

போட்டிக்குப் போகவில்லை.

10 பிப்ரவரி 2008, ஞாயிறு

சந்திரம்மாவுக்குப் போன வாரம் 7,200. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். கோட்டையடிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். புதுச் செருப்பு.

இன்று மறுபடி ரத்தம் எடுக்கும் நாள். இப்போது ஸ்டான்லி குழாயில் பெயர், வயது, தகப்பன் பெயர் வரை எழுதுகிறார். "ரேசன் கார்டையும் ஒட்டிக்கோ அண்ணாத்த" என்றாள் சந்திரம்மா. அவள் வாயிலிருந்து கிண்டல் கேட்டு எத்தனை மாதம்!

திருத்திய பட்டியலில் எனக்குப் பதினேழு, அவளுக்குப் பன்னிரண்டு; நான் பதினேழைக் குத்திக்கொண்டிருந்தேன். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"குடு டீச்சர்."

"எட்டு ஆகாதுன்னியே?"

"பன்னெண்டு மட்டும் இன்னா கிழிச்சுது? பதினேழ போட்டவளுக்கு ஒண்ணும் ஆவலியே. குடு."

கழற்றிக் கொடுத்தேன். பன்னிரண்டை என் கையில் திணித்தாள்.

ஸ்டான்லியைக் கூப்பிட்டு, நாங்கள் மாற்றிக்கொண்டோம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் எழுதுவதைப் பார்த்தேன். அதன் பிறகும் பன்னிரண்டைக் குத்தப் போனால் ஊக்கு சட்டையில் ஏறவில்லை. அவள்தான் குத்திவிட்டாள்.

இன்று ஓடவில்லை. அவளோடு நடந்தேன்.