நீ சீராகக் கொடுத்த கேன்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுகிறேன் என்றால் கோர்ட்டு விஷயம்தான். உனக்காகக் கம்பெனிமேல் போட்ட கேஸ் மறுபடியும் தள்ளிப்போயிற்று. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறிப் போய், பெயர் கூப்பிடும்வரை வராந்தாவில் நின்று, வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பினோம். களைப்பாக இருக்கிறது நைனா. அழக்கூடத் தெம்பில்லாத களைப்பு.

கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? நீ மருந்தே அடிக்கவில்லையாம். மணலியில் அந்த எண்ணெய் டேங்குகளைச் சுற்றிப் புல் மண்டினால் தீப்பிடிக்கும் என்று வருஷக்கணக்கில் முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்தாயே, அந்தப் புல்லு மருந்தை அவர்கள் வாங்கியதே இல்லையாம். காண்ட்ராக்டர் காகிதத்தில் நீ 'புல் வெட்டும் ஆள்'. கையில் அரிவாள் மட்டும்தான்.

"மருந்தோட பேரைக் கண்டுபிடிங்கம்மா. பேர் இருந்தாத்தான், அதனால உங்க அப்பாவுக்கு ரத்தப் புத்துநோய் வந்திருக்குமான்னு டாக்டரைக் கூண்டுல ஏத்திக் கேக்க முடியும்" என்று நம் வக்கீலம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறார். பேர் யாருக்குத் தெரியும்? உனக்கும் காசி சித்தப்பாவுக்கும் அது வெறும் புல்லு மருந்து. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தீர்கள். அவ்வளவுதான்.

பேரைக் கண்டுபிடித்துவிட்டேன் நைனா. போன ஞாயிற்றுக்கிழமை, பாப்பாவைக் குளிப்பாட்டும்போது.

என் கல்யாணச் சீரில் நீ வைத்த இரண்டு வெள்ளைக் கேன்கள் ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கத்தில் தண்ணீர் பிடிக்க ஏதாவது கொடுக்காமல் பெண்ணை அனுப்பமாட்டார்கள். லாரித் தண்ணி வரிசையில் மூடி போட்ட கேன் வைப்பவளுக்குத் தனி மரியாதை. காலிக் கேன்களை நீ கம்பெனியிலிருந்து எடுத்துவந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, லேபிளைப் பிளேடால் சுரண்டுவாய். வாசனை போய்விட்டதா என்று என்னைத்தான் முகரச் சொல்வாய். கெமிஸ்ட்ரி படித்தவள் அல்லவா? "போச்சு நைனா" என்பேன்.

ஒரு கேனில் பின்பக்கத்து லேபிளை நீ சுரண்டாமல் விட்டிருக்கிறாய். நாலு வருஷமாக அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தே இருந்திருக்கிறது; அன்று கேன் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. மருந்தின் பேர், தயாரிப்பு எண், அதற்குக் கீழே பொடி எழுத்தில்: காலிக் கலனை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது, உடைத்துப் புதைக்கவும். மொண்ட தண்ணீர் கையிலேயே நின்றது. பாப்பா சோப்பு நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். உனக்குக் கட்டி முதலில் அங்கேதானே வந்தது? டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "கொழந்தைக்கு ஒன்னும் இல்லம்மா. சும்மா சும்மா தடவாதீங்க, அது பயப்படுது" என்றார். தடவாமல் எப்படி இருப்பது?

வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்பரை வெச்சு யாரு வாங்குனாங்கன்னு பிடிச்சிடலாம்" என்றார். பிறகு குரலை இறக்கினார். "ஆனா, கேன் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. திருட்டும்பாங்க. அதுல தண்ணி குடிச்சோம்னு சொன்னா, வியாதிக்குக் காரணம் உங்க வீடுதான், கம்பெனி இல்லன்னு திருப்புவாங்க. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க."

வீட்டில் யாரிடம் பேசுவது? நீ போனபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள்.

"இன்னாடி சொல்ற? அந்தத் தண்ணியத்தானே அவருக்கு மொண்டு மொண்டு குடுத்தேன்? அப்போ வியாதிய நான் குடுத்தேனா?"

"அப்படி இல்லம்மா. நைனா மேல தெனமும் பட்டுச்சே மருந்து, அத்தத்தான்..."

"நீ இன்னா டாக்டரா? ஒடச்சித் தூக்கிப் போடு அத்த. செத்த மனுசனுக்குத் திருடன்னு பேரு வேற வாங்கிக் குடுக்கப் போறியா? கேஸே வாணாம், போ."

 இரண்டு நாள் என்மேல் வீம்புக்கு, நம் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த உன் பழைய கேன்களிலேயே சமையல்கட்டில் தண்ணீர் பிடித்து வைத்தாள். பாப்பாவுக்கு மட்டும் நான் பக்கத்து வீட்டில் குடம் வாங்கிப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் காசி சித்தப்பா வந்தார். அவருக்கும் இப்போது அக்குளில் ஒரு கட்டி. அறுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரவில்லை. ஆனால் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"அண்ணி, இத்த உன் வூட்டுக்குத் தோள்ல தூக்கினு வந்ததே நான்தான். திருட்டுன்னா எங்க வூட்ல நாலு கீது. என்னியும் புடிச்சினு போவட்டும். ஜெயில்லயாவது தண்ணிக்கு லைன்ல நிக்கத் தேவையில்ல."

அம்மா சிரிக்கவில்லை. அவரும் கேலியை நிறுத்திக்கொண்டார்.

"குப்பதானே, எடுத்துக்கினு போங்கடான்னான் சூப்பர்வைசரு. இது வெசம், வூட்டாண்ட எடுத்துனு போவாதன்னு எவனாவது ஒரு வார்த்த சொன்னானா? இப்பவும் பசங்கோ எடுத்துனுதான் போறானுங்கோ. நேத்துகூட கம்பெனி கேட்டாண்ட ஒருத்தனப் பாத்தேன். சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கட்டிக்கினு போறான். போன மாசம்தான் அவனுக்குக் கண்ணாலம் ஆச்சு."

"நேத்தா?" என்றாள் அம்மா.

எழுந்து உள்ளே போனாள். லாரித் தண்ணீரில் ஒரு சொட்டு சிந்தினாலும் என்னைத் திட்டுகிறவள், நிறைந்த கேன்கள் இரண்டையும் இழுத்துவந்து சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "லேபிள் கிழியாம துணி சுத்தி வையி" என்றாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன் நைனா. முகரச் சொன்ன நீ, ஒரு தரம் படிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் படித்திருக்கக் கூடாதா? இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அப்படியொரு கேன் இருந்தால், தயவுசெய்து இப்போதே திருப்பிப் பாருங்கள்.

அடுத்த வாய்தாவுக்குக் கேனோடு போகிறோம். ஆமாம், எங்க நைனா எடுத்துவந்தார், ஆமாம், குடித்தோம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைக் கூண்டில் ஏறி நானே சொல்வேன். ஜெயிப்போமா தெரியாது. தோற்றாலும் அந்த மருந்தின் பேர் கோர்ட்டுக் காகிதத்தில் ஏறிவிடும்.

அதற்கு முன்னால் இன்னொன்று. நாளை ஷிப்டு விடும் நேரத்துக்கு அம்மாவும் நானும் மணலிக்குப் போய்க் கம்பெனி கேட்டில் நிற்கப்போகிறோம், அந்தப் புது மாப்பிள்ளைக்காக. அவன் முறைக்கலாம், திட்டலாம். அந்தக் கேன்களை வாங்காமல் திரும்பமாட்டோம் நைனா, இது சத்தியம். பதிலுக்குக் கொடுக்க அம்மா தன் பித்தளைத் தவலையைத் துலக்கி வாசலில் கவிழ்த்திருக்கிறாள்.

உன் மூத்த பெண்,
உன் பேத்திக்கு அம்மா.